மொத்தம் சரியாகத்தான் இருந்தது

எழுபதுகளின் நடுப்பகுதி. கட்சால் தீவில் அரசு ரப்பர் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எனக்கு வாய் அதிகம், பொறுமை கம்மி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்களை அங்கே குடியமர்த்திக்கொண்டிருந்தார்கள். பால் வெட்டும் வேலைக்கு வந்த ஒரு பெண்ணின் மூத்த மகளுக்குக் கப்பல் ஏறும் நேரத்தில் அம்மை போட்டுவிட்டது. ஒன்பது வயது. சித்தியோடு மெயின்லேண்டு முகாமிலேயே தங்கிவிட்டாள். அடுத்த கப்பலில் அவளை ஏற்ற வேண்டுமானால், குடும்ப அட்டை எண்ணை நாங்கள் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும்.

வயர்லெஸ்ஸில் இரைச்சல் அதிகம். அதனால் எண்ணைச் சொல்லி, அதன் இலக்கங்களைக் கூட்டி வந்த மொத்தத்தையும் சொல்வோம். அந்தப் பக்கமும் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்தம் ஒத்துப்போனால் எண் சரி. எங்கள் வழக்கம் அது.

பதில் வந்தது. அந்த எண்ணில் இருப்பது வேறு குடும்பமாம்.

அந்தத் தாய் வந்து அட்டையை நீட்டினாள். "கிளாக்கரய்யா, நல்லா பாருங்க. வியாழக்கிழமை கப்பலு கெளம்புதாம்."

நான் எண்ணைப் படிக்கவில்லை, கூட்டினேன். இருபத்தொன்று. அனுப்பிய செய்தியின் நகலிலும் இருபத்தொன்று. "மொத்தம் சரியா இருக்கு. எவனோ அடுத்தவன் அட்டையை உன் தலையில கட்டியிருக்கான். போய் வேலையைப் பாரு" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் அட்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போது நான் தபால் வழியாகக் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தது கிடையாது. தீவை விட்டுப் போக அது ஒரு வழி என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம், நல்ல மழை, பாடத்தைப் பிரித்தேன். ஓர் இலக்கத் தொடரை எடுத்துக்கொள். முதல் இலக்கத்தை ஒன்றால் பெருக்கு, இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை மூன்றால். எல்லாவற்றையும் கூட்டு. இதை இயந்திரத்துக்குப் புரியும்படி படிப்படியாக எழுது. தொடக்கப் பயிற்சிதான். எனக்கு எரிச்சலாக வந்தது. வெறுமே கூட்டினால் போதாதா, எதற்கு இந்தப் பெருக்கல்?

12, 21 என்று எழுதிப் பார்த்தேன். வெறுமே கூட்டினால் இரண்டும் 3. பெருக்கிக் கூட்டினால் ஒன்று 5, மற்றது 4. அதாவது, இலக்கங்கள் இடம் மாறினாலும் வெறும் மொத்தம் காட்டிக்கொடுக்காது.

பென்சிலைக் கீழே வைத்தேன். அவள் அட்டையின் எண்ணை நான் கூட்டினேனே தவிரப் படிக்கவில்லை.

மழையிலேயே அவளுடைய லயத்து வீட்டுக்கு ஓடினேன். அட்டையைப் பறிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, அவள் ஓடிப்போய்த் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"தர மாட்டேங்க. இது எங்க அட்டதான்."

"பறிக்க வரலம்மா. காட்டு, போதும்."

அட்டையில் 4629. நான் எழுதி அனுப்பியது 4269.

"தப்பு என்னோடது" என்றேன். அதற்கு முன் யாரிடமும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. நாலு வார்த்தை திட்டுவாள் என்று நின்றேன்.

"இப்ப சொன்னா புள்ள ஏறிருமாங்கய்யா?"

"ஏறிடும்."

அவ்வளவுதான் கேட்டாள். தான் மழைக்குப் போர்த்தும் கம்பளியை எடுத்து என் தலையில் போட்டாள். "நடுங்குறீங்க. போயிட்டு வாங்க, பிளேன்டீ ஊத்தி வைக்கிறேன்."

வயர்லெஸ் அறையில் வங்காளி ஆபரேட்டர் படுத்திருந்தார். "அரே பாபு, ஆஜ் சுட்டி ஹை! டோட்டல் டீக் தா நா?" இன்று லீவு, மொத்தம் சரியாகத்தானே இருந்தது என்று முறைத்தார். அந்த மொத்தத்தை நம்பித்தான் கெட்டேன் அண்ணே என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஒவ்வோர் இலக்கமாக, இரண்டு தடவை சொன்னோம்.

கப்பல் வந்த நாளில் படகுத்துறையில் ஓரமாக நின்றேன். முகத்தில் அம்மைத் தழும்போடு அந்தக் குழந்தை சித்தியின் கையைப் பிடித்து இறங்கியது. தாய் அதைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு என்னிடம் இழுத்து வந்தாள்.

"கும்பிடு. இந்த அய்யாதான் மழையில ஓடிப்போயி ஒன்னய வரவச்சாரு."

வராமல் செய்யப் பார்த்ததும் இதே அய்யாதான் என்று அவள் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். "வெயில்ல நிக்காதீங்கய்யா" என்று தடுத்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் படிப்பை நான் முடிக்கவில்லை, தீவை விட்டும் போகவில்லை. கோபம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி "நல்லா பாருங்க" என்றால், இன்றும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படிக்கிறேன்.