கண்ணாடியாரும் தேவதாரு அலமாரியும்

என் சகலையின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணாடியார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடும். மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிப்பது அவர் தொழில், முப்பத்தைந்து வருடமாக. அவர் முடித்துக் கொடுத்த மேஜையில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். அதனால் வந்த பெயர். வீட்டில் துடைப்பக் கட்டைகூட மின்னும். ஒருமுறை என் வீட்டுக்கு வந்தவர், பேச்சோடு பேச்சாக நாற்காலிக் கைப்பிடியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதுல மனுஷன் உக்காருவானா?" என்று கேட்டார். அதில் நான் இருபது வருடமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.

அவர் மனைவி, என் மனைவிக்கு அக்கா. எனக்கும் அக்காதான். கம்பளி பின்னுவதில் கெட்டிக்காரர். சமைக்கும்போதும் அக்குளில் நூல் உருண்டை இருக்கும். குடும்பத்தில் யாருக்குக் குளிர்கிறதோ இல்லையோ, எல்லோருக்கும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் உண்டு.

போன வருடம் மகளுக்காக ஆறு மாதம் பின்னிய நீலக் கோட்டை அக்கா அலமாரியிலிருந்து எடுத்து உதறினார். ஏழு ஓட்டை. அந்துப்பூச்சி வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தது. அந்துருண்டை போடலாம் என்றால் அந்த நெடி அக்காவுக்கு ஆகாது, தலைவலி வந்துவிடும். அன்றைக்கே மிச்சக் கம்பளித் துணிகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் திணித்து எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "இனிமே இந்த வீட்டுல ஒரு கம்பளி வைக்க மாட்டேன், ஊசியத் தொடவும் மாட்டேன்" என்றார். ஊசிகளும் அதே பெட்டிக்குள்தான். பெட்டி எங்கள் கட்டிலுக்கடியில் இடம் பிடித்தது. தினமும் காலையில் என் கால் பெருவிரல் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு நடக்கும்.

கண்ணாடியார் ஒரு வாரத்தில் வாடிப்போனார். "அந்த டிக் டிக் சத்தம் இல்லாம சோறு இறங்க மாட்டேங்குது சகலை" என்றார். பெட்டி வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

தேவதாரு மரத்தின் வாசனைக்கு அந்துப்பூச்சி அண்டாது என்று யாரோ சொல்ல, அலமாரியின் உள்பக்கம் முழுக்க அந்தப் பலகையை அடித்துவிடலாம் என்று இருவரும் மரக்கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒன்றுக்குள் ஒன்று செருகும் மெல்லிய பலகைகளாகக் கட்டிக்கொடுத்துவிட்டு, "மேல எதுவும் பூசாதீங்க, அப்படியே விட்டுடணும்" என்றார். கண்ணாடியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும், "மரம் விக்கிறவனுக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவர் போனதும் நாங்கள் ஆரம்பிப்போம். காலியான அந்த அலமாரியை அவர் திறப்பதே இல்லை, வார்னிஷ் நெடியும் அந்த வீட்டுக்குப் புதிதில்லை. நான் பலகையைப் பிடிக்க, அவர் ஆணி அடிப்பார். மூன்று பக்கச் சுவர், தரை, மேற்கூரை, கதவின் உள்பக்கம், எல்லாம் நான்கு நாளில் முடிந்தது. தலைமுடி நுழைகிற இடைவெளிகூட இல்லை. ஐந்தாம் நாள் எனக்கு வேலை இருந்ததால் போகவில்லை. ஆறாம் நாள் போனால், அலமாரிக்குள்ளிருந்து என் முகம் என்னையே பார்த்துச் சிரித்தது.

மூன்று பூச்சு வார்னிஷ் அடித்திருந்தார்.

தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தேன். வார்னிஷ், வார்னிஷ், வார்னிஷ். "அண்ணே, தேவதாரு வாசனையே காணோமே!"

"ஏன், நல்லாத்தான தூக்குது?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "தூக்கலையா?"

அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைக் கக்கினார். மூக்கு போய் எட்டு வருடமாகிறதாம். வார்னிஷும் அதில் கலக்கும் தின்னரும் சேர்ந்து தின்றுவிட்டன. "அவளுக்குத் தெரிஞ்சா வேலைய விடச் சொல்லிடுவா. அதான் மூச்சு விடல."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எட்டு வருடமாக அக்கா எதைச் சமைத்தாலும், "ஆஹா, வாசனை ஆளத் தூக்குதே!" என்று பாராட்டி எங்களுக்கெல்லாம் வீட்டில் திட்டு வாங்கிக் கொடுத்த மனிதர் இவர்!

வேறு வழியில்லை. உப்புத்தாளை வாங்கி வந்து தேய்க்கத் தொடங்கினோம். தன் கையால் ஏற்றிய பளபளப்பைத் தன் கையாலேயே இறக்குவது அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பலகையிலும் முகம் மறைந்து, வெறும் மரம் வந்தது. ஐந்து நாள் தேய்த்தோம். கடைசி நாள் தூசியில் தும்மித் தும்மி என் மூக்கும் அடைத்துக்கொண்டது. வாசனை வந்துவிட்டதா என்று பார்க்க, இரண்டு ஆம்பிளைகளுக்கும் சேர்த்து ஒரு மூக்கு இல்லை.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார், அன்றைக்கு அரை நாள் லீவு. அலமாரிச் சுவர் முழுக்கப் பலகை, எங்கள் தலை முழுக்க மரத்தூள்.

கண்ணாடியார் வழக்கம்போல, "பாத்தியா, என்ன வாச..." என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றார். பொய் சொல்லிப் பெட்டியை வரவழைத்து, மறுபடி ஒரு கோட்டில் ஏழு ஓட்டை விழுந்தால்? கையிலிருந்த உப்புத்தாளை நாலாக மடித்தார், பிரித்தார்.

"எனக்குத் தெரியல. நீதான் மோந்து பாத்துச் சொல்லணும். எனக்கு மூக்கு வேலை செய்யாது. ரொம்ப நாளாவே."

"தெரியும்" என்றார் அக்கா.

"தெரியுமா?"

"பால் தீஞ்சு வீடே நாறுன அன்னிக்கு, 'ஆஹா, வாசனை தூக்குது'ன்னீங்களே. நாலு வருஷம் ஆச்சு."

"அப்பவே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டிருந்தா அப்புறம் அப்படிப் பாராட்டியிருக்க மாட்டீங்க. எனக்குக் கேக்க நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டு அலமாரிக்குள் தலையை விட்டார். வெளியே எடுக்கவே இல்லை. கண்ணாடியார் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஸ்கூல்ல புது பென்சில் சீவுனா வருமே, அந்த வாசனை. அலமாரி பூரா அதான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நல்லா ஞாபகம் இருக்கு."

அக்கா தலையை வெளியே எடுத்து என்னிடம், "தம்பி, பெட்டியக் கொண்டாந்துருங்க" என்றார். இனிமேல் முகத்துணி கட்டிக்கொண்டுதான் வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று கண்ணாடியாருக்கும் ஒரு உத்தரவு போட்டார். அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் பெருவிரலுக்கு அதைவிட நல்ல நாள் வாழ்க்கையில் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டோம். கண்ணாடியார் சட்டையை மாட்டிக்கொண்டே அறையிலிருந்து வந்தார். "ஆஹா, வாசனை ஆளத் தூக்குதே!"

"இன்னும் அடுப்பே பத்த வைக்கல" என்றார் அக்கா, நிமிர்ந்தே பார்க்காமல். மடியில் நீல நூல். டிக் டிக் என்று ஊசி ஓடிக்கொண்டிருந்தது.