பேர் போடாத கத்தி

சித்தூரில் மாம்பழக்கூழ் எடுக்கும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. என் அக்கா அங்கேயே பழம் வெட்டும் வரிசையில் நிற்கிறாள். எங்கள் வீட்டில் பள்ளி முடித்து டிப்ளமா வரை போனவன் நான் ஒருவன்தான். வெள்ளைக் கோட்டோடு வரிசைப் பக்கம் போனால் போதும், "வர்றாரு பாருங்க, எங்கூட்டுக் கலெக்டரு" என்பாள்.

போன சீசனில், கூழ் வாங்கும் ஜப்பான் கம்பெனியிலிருந்து ஒருவர் சோதனைக்கு வந்தார். கத்திகளுக்கு எண் போட வேண்டும், காலையில் கொடுத்து மாலையில் எண்ணி வாங்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அன்றைய கூழ் வெளியே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். திருப்பதியில் அவர் தங்கியிருந்த ஓட்டல் வரைக்கும் அன்று மாலை துணைக்குப் போனேன். காரில் தன் போனை நீட்டி ஒரு வாளின் படத்தைக் காட்டினார்.

கூர்ப்பக்கத்தை ஒட்டி, கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல் வெண்மையாக ஒரு கோடு ஓடியது. அவர் ஊர்ப்பக்கத்துக் கொல்லர் ஒருவர் ஏறக்குறைய எழுநூறு வருஷத்துக்கு முன் செய்தது. காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்த எஃகு. தண்ணீரில் தோய்க்கும் முன் களிமண் பூசுவார்களாம். முதுகில் கனமாக, கூர்ப்பக்கம் மெல்லிசாக. மெல்லிசான பக்கம் சட்டென்று ஆறி இறுகும். முதுகு மெதுவாக ஆறி, அடி தாங்கும் பதத்தில் நிற்கும். இரண்டும் சேரும் இடம்தான் அந்தக் கோடு. அந்தக் கொல்லர் தன் வாள்களில் பெயர் வெட்டியதே அபூர்வமாம். இருந்தும், கோட்டையும் இரும்பின் ரேகையையும் பார்த்து இது அவர் கை என்று சொல்லிவிடுவார்களாம். அவர் வழியில் தொழில் கற்றவர்கள் இன்றைக்கு அங்கே காய்கறிக் கத்தி செய்கிறார்கள். "என் அம்மா சமையலறையிலும் ஒன்று இருக்கிறது" என்றார்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன்.

"பேரே போடலன்னா அவருதுன்னு எப்பட்றா சொல்லுவாங்க? ரேசன் கார்டுல பேர் இல்லன்னா அரிசி குடுப்பானா?"

"பாத்தாலே தெரிஞ்சிடுமாம்க்கா."

"உடு. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

எண் பொறிக்கும் கருவி வரத் தாமதமானது. ஸ்டிக்கர் ஒட்டினால் தாங்கும் என்று மேனேஜரிடம் நானே முன்வந்து சொன்னேன். காலையில் கத்தி கொடுக்கும்போது ஒருத்தியும் எண்ணைப் பார்க்கவில்லை. ட்ரேயைக் கிளறி ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு சாணைக்கல்லுக்குப் போனார்கள். எல்லாம் ஒரே கத்திதானே, எதற்கு இந்தத் தள்ளுமுள்ளு என்று சத்தம்கூடப் போட்டேன்.

நாலாம் நாள் ஐந்து மணிக்கு எண்ணினால் முப்பத்தொன்பது. கொடுத்தது நாற்பது. கொதிநீரில் கழுவியதில் முக்கால்வாசி ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தது. குறைவது எந்தக் கத்தி, யாருடையது, எதுவும் தெரியவில்லை. வெளியே லாரி நின்றது. மேனேஜர் வந்து, "கத்தி ஏதி, சார்?" என்று, கத்தி எங்கே எனத் தெலுங்கில் நிதானமாகத்தான் கேட்டார். அது மெஷினுக்குள் போயிருந்தால் ஒரு நாள் கூழும் சாக்கடைக்கு. ஸ்டிக்கர் தாங்கும் என்ற என் வார்த்தையும் கூடவே.

"டேய், ட்ரேவ இப்பிடித் தள்ளு" என்றாள் அக்கா.

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "இது இடங்கை அத்தையோடது, தேச்ச பக்கம் பாரு. இது என்னுது. இது வெதுருகுப்பத்துப் பொண்ணோடது. கல்லுமேல அமுக்கவே மாட்டா, மொன்னையா கீது."

"யாருத மொன்னன்ற? குடு, உன் மூக்க அறுத்துக் காட்றேன்" என்று பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினாள். பயத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கடைசிக் கத்தியை வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள். "பெரியம்மாது இல்ல. நடுவுல பள்ளமா தேஞ்சிருக்குமே, அது."

வரிசையில் மூத்தவரை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் ட்ரேல போட்டுட்டனேம்மா..."

"மத்தியானம் உன்ன எங்க நிக்க வச்சாங்க?"

"அழுகல் பொறுக்கி வண்டில போட்டுக்கினு இருந்தேன்."

கழிவுத் தள்ளுவண்டிக்கு ஓடினோம். பெங்களூரா மாம்பழத் தோலை முழங்கை வரை அள்ளிப் போட்டேன். வண்டியின் உள்விளிம்பில் கத்தி செருகியபடி இருந்தது. பெரியம்மா வேலை நடுவில் செருகி வைக்கும் இடமாம். கழுவிப் பார்த்தேன். நடுவில் பள்ளம்.

ஆறு மணிக்கு லாரி கிளம்பியது. மறுநாள் வெளியே பட்டறைக்குக் கொண்டுபோய் எண் வெட்டிக்கொள்ள மேனேஜர் ஒத்துக்கொண்டார். எது யாருடையது என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. "அந்த ஜப்பான் கத்தியக் காட்டு" என்றாள் அக்கா. சோதனைக்கு வந்தவர் எனக்கு அனுப்பியிருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். மாம்பழப் பிசின் கறுத்த விரலால் அந்தக் கோட்டைப் பெரிதாக்கி, நுனியிலிருந்து அடிவரை நகர்த்தினாள்.

"இந்த ஆளு அவசரமே படல."

"எப்பிடிச் சொல்ற?"

போனை என் மடியில் போட்டாள். "பாத்தாத் தெரியுதே" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.