பூவாளி மாடியிலிருந்து இறக்கிய செடிகள்

பூவாளி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் சின்ன அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அண்ணன் மருமகன் வாய் நிறையச் சாப்பாட்டோடு கைபேசியில் கத்திக்கொண்டிருந்தான்.

"அந்தப் பூவாளி இனிமே கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வச்சா உன் வேலை போயிடும், பாத்துக்கோ!"

தண்ணீர் ஊற்றுகிற வாளி மேல் எதற்கு இத்தனை கோபம் என்று நான் விழித்தேன். அண்ணி காதோடு சொன்னாள்: "அது பட்டப்பேரு. பிரஸ்ல செடிக்குத் தண்ணி ஊத்துன பொம்பளை. மாப்பிள்ளைய சந்தி சிரிக்க வச்சிட்டா."

யார் பெற்ற பெண் என்று விசாரிக்காமல் எனக்குத் தூக்கம் வருமா? விசாரித்தால், என் ஓரகத்தியின் ஒன்றுவிட்ட தங்கை மகள். தாய் போனபின் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்து வாசல் வரை போய்த் திரும்பிய பெண். ஆக, இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம். அதற்காக நடுவில் நின்று நியாயம் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அங்கே அந்தப் பிரஸ்ஸில் மை கலக்குகிறவரும் இருந்தார். அவர்கள் இருவரும் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

மருமகனுக்குப் பிளாஸ்டிக் பைகளில் கடைப் பெயர் அச்சடிக்கிற தொழில். நீளமான கூடம், நாலு மெஷின். மையை இளக்கத் தின்னர், உருளையைத் துடைக்கத் தின்னர், கையில் ஒட்டிய மையைப் போக்கவும் அதே தின்னர். வாடை வாசலிலேயே மூக்கைப் பிடித்து உலுக்கும். ஜன்னலைத் திறந்தால் தூசி வந்து ஈர மையில் ஒட்டுகிறது என்று எல்லா ஜன்னலுக்கும் ஆணி அடித்துவிட்டான். வாடையை வெளியே தள்ளுகிற காற்றாடி வைக்கச் சுவரை இடிக்க வேண்டும், அதுவரை மெஷின் நிற்க வேண்டும். அவன் நிறுத்துவானா? ஆட்கள் தலைவலி, தலைவலி என்று முனகியபோது, வீட்டுக்குள் வைத்தால் காற்றைச் சுத்தம் செய்கிற செடிகள் உண்டு என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, ஒரு வண்டி தொட்டிகளை இறக்கினான். மணி பிளான்ட், கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்கிற பாம்புச் செடி, இன்னும் என்னென்னவோ. "இனிமே நீங்க காட்டுக்குள்ள வேலை செய்யற மாதிரிடா" என்றானாம். அந்தக் காட்டுக்குள் அவன் உட்காரவில்லை. அவனுடைய அறை கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்.

செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேடியபோது, இரண்டாவது மெஷினில் நின்ற தம்பி தன் அக்காவைக் கூட்டிவந்தான். அவளும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு வளைய வளைய வந்தாள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நாளில் இலைகள் ஓரம் கருகின. மணி பிளான்ட் மஞ்சளாகித் தொங்கியது. பாம்புச் செடியோ அடி அழுகிச் சாய்ந்தது. முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாதப்ப வா. வாடினதையெல்லாம் மாடிக்கு ஏத்திடு. அங்க புதுசு வாங்கி வச்சிருக்கேன், அத இறக்கி வை. பசங்க பாத்தா மனசு விட்டுருவாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாத."

செடிக்கும் ஓய்வு வேண்டும்போல என்றுதான் அவள் நினைத்தாள். வாரா வாரம் மாற்றினாள். கூடம் எப்போது பார்த்தாலும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

தம்பிதான் வாடினான். வீட்டுக்கு வந்தால் சட்டையில் தின்னர், மூச்சில் தின்னர். தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவான். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பான். ஒரு நாள் அவள் பொறுக்க மாட்டாமல், "டேய், அந்த வேலை வேணாம்டா" என்றாள்.

"சும்மா இரு அக்கா. அந்தக் காத்து கெட்டதுன்னா செடி பொழைக்குமா? ஒவ்வொண்ணும் ஜம்முனு நிக்குது. செடிய விட நான் சொத்தையா?"

மாடிக்கு ஏற்றிய செடிகளை அவள் அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். மறுநாளே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "சார், ஒரு ஜன்னலையாவது திறந்து விடுங்க. தம்பிக்குத் தலைவலி தாங்க முடியல" என்று கெஞ்சினாள். அவன் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "தலைவலின்னா கண்ணுல கோளாறு, கண் டாக்டர்ட்ட போகச் சொல்லு" என்றான். சாயங்காலம் இன்னும் நாலு தொட்டி வந்தது. அவற்றை எங்கே வைத்தார்கள் தெரியுமா? ஜன்னல் திண்டில்! திறக்க நினைத்தாலும் திறக்க முடியாதபடி.

அந்த வாரமே தம்பி உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மை கலக்குகிறவர் பாய்ந்து இழுத்திருக்காவிட்டால் கை மெஷினுக்குள் போயிருக்கும். தூக்கிக்கொண்டு போய் வெளியே படியில் கிடத்தினார்கள். காற்று பட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

முதலாளி ஓடிவந்தான். வந்தவன் தம்பியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான்.

"செடிக்கு ஒழுங்கா தண்ணி ஊத்துனியா, இல்லையா?"

பூவாளி விறுவிறுவென்று திரும்பினாள். மாடிப்படி ஏறினாள். கைக்கு ஒன்றாக இரண்டு தொட்டியோடு இறங்கினாள். கூடத்தின் நடுவில் டங்கென்று வைத்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி இறங்கினாள். மஞ்சளும் கருகலுமாகத் தொட்டிகள் சேர்ந்துகொண்டே போயின. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏம்மா, இது எந்தச் சுடுகாட்டுச் செடி?" என்றார் மை கலக்குகிறவர்.

"இதுவா? போன வாரம் உங்க காலடியில நின்னது, அண்ணே. இது அதுக்கு முந்தின வாரம் நின்னது. வாரா வாரம் நான்தான் மாத்தி மாத்தி வச்சேன். சாரு சொல்லித்தான் வச்சேன். என் தம்பி பச்சையப் பாத்து ஏமாந்தான்."

"வெயில் இல்லாம வாடுனதும்மா! உனக்கு என்ன தெரியும்?" என்று முதலாளி எகிறினான்.

"வெயிலா? உங்க ரூம்ல மட்டும் வெயிலு கொட்டுதா? அங்க வச்ச செடிய நான் ஒரு தடவ கூட மாத்தலையே, அது மட்டும் ஏன் சார் சிரிச்சிக்கிட்டு நிக்குது?"

எல்லாரும் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். மை கலக்குகிறவர் கடப்பாரையை எடுத்தார். ஜன்னல் திண்டில் இருந்த தொட்டிகள் தரையில் உருண்டன. ஆணி ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுப் பெயர்ந்தது.

"யோவ், தூசி ஒட்டும்யா!"

"ஒட்டட்டும்" என்றாராம் அவர்.

சுவரை இடித்துக் காற்றாடி வைக்கிறவரை ஒருவரும் மெஷினைத் தொடவில்லை. அதைத்தான் என் அண்ணி 'சந்தி சிரித்தது' என்கிறாள். ஒரு பையனின் கை போகப் பார்த்தது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மருமகன் கத்திய அன்றைக்கு, இதை விசாரிக்க நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன் என்று அவளுக்கு இன்னும் வருத்தம். இருக்கட்டும். இப்போது அந்தக் கூடத்தில் செடி வாடுவதில்லையாம். பார்க்க வருகிறவர்களிடம் மருமகன், "எல்லாம் செடியோட மகிமை" என்கிறானாம். காற்றாடியைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. வெட்கம் கெட்டவன்.

தம்பிக்குத் தலைவலி முழுதாக விடவில்லை. அடுத்த வீட்டில் பெயிண்ட் அடித்தாலே குமட்டுகிறது. "என்கிட்ட மட்டுமாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நாள் அவளோடு பேசாமல் இருந்தான். முதலாளி திட்டியதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை, இது உறைத்தது. பிறகு அவனே பேசினான். வேறு யாரிடம் போய்ப் பேசுவான்?

பூவாளி இப்போது பஸ் டிப்போவில், திறந்த வெளியில், பஸ் கழுவுகிறாள். தம்பி அவளோடுதான் இருக்கிறான்.