மூன்றாம் கவுன்ட்டரில் நின்றவர்

என் நண்பருக்குத் தெரிந்த போராட்ட முறை ஒன்றுதான்: நிற்பது. உண்ணாவிரதம் அவருக்கு ஒத்துவராது, சர்க்கரை. இந்திப் பலகையில் தார் பூசினால் வேட்டி பாழாகும் என்பார். மறியலுக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். வரிசையில் நிற்பதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் முன் அனுமதி கேட்கவில்லை. அதைத் தேடிப் பார்த்துச் சொன்னவன் நான்தான்.

எங்கள் ஊர் அரூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது. ஊரில் ஒரு வங்கிக் கிளை உண்டு. எந்த வங்கி என்பது வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. அங்கே மூன்றாம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த இளைஞர் வடக்கேயிருந்து வந்தவர். நல்ல பையன், ஆனால் தமிழ் தெரியாது. பயிர்க்கடன், காப்பீடு, மகளிர் குழுக் கணக்கு எல்லாம் அந்தக் கவுன்ட்டரில்தான். மரவள்ளிக்குக் காப்பீடு கட்டினோமே, பிடித்த பணம் எங்கே என்று கேட்க வரும் பெண்கள், பதில் புரியாமல் வெளியே வந்து, வாசலில் நிற்கும் யாரிடமாவது அதே கேள்வியைக் கேட்பார்கள்.

நண்பர் திங்கள்கிழமை தவறாமல் அந்த வரிசையில் நிற்பார். முறை வந்ததும் ஒரே கேள்வி.

"இந்த பேங்குல கணக்கு ஆரம்பிக்கணும்னா என்னென்ன வேணும்ங்க?"

பதில் இந்தியில் வரும்.

"புரியலீங்க" என்பார். நகரமாட்டார். குரல் உயராது. கை கட்டியிருக்கும். பின்னால் வரிசை வாசலைத் தாண்டும். கடைசியில் மேலாளர் எழுந்து வருவார், அல்லது கடைநிலை ஊழியர் வந்து கெஞ்சுவார். இப்படி ஏறக்குறைய மூன்று வருடம்.

என் பங்கு, அந்தக் கவுன்ட்டருக்குத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று நண்பர் பெயரில் மனு எழுதுவது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்புத் தள்ளி ஓய்வுபெற்றவன் நான். மனுவை எப்படித் தள்ளிவிடுவது என்று தெரிந்தவனுக்கு, தள்ளிவிட முடியாதபடி எழுதவும் தெரியும். ஒன்றிய அரசின் ஆட்சிமொழி விதிகளில் முதல் விதியே இவை தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்கிறது. வங்கிப் படிவங்கள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தல் இருக்கிறது. இருந்தன, பீரோவுக்குள். "ஆபீசு உங்கள விட்டுருச்சு, நீங்கதான் ஆபீச விடல" என்பாள் என் மனைவி. நாங்கள் சேர்ந்திருந்த மொழி உரிமை மன்றத்தில் நண்பர் மாவட்டச் செயலாளர். எனக்குப் பதவி எதுவும் இல்லை. பதவி இல்லாதவனிடம்தான் எழுதும் வேலையைக் கொடுப்பார்கள் என்பது எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான நடைமுறை.

நண்பரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. தமிழுக்காக உரக்கக் கத்துகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் போனதும் வேறு மொழியில் சோறு கேட்பார்கள். அதற்கும் மேலே, அவர் முன்னாள் லாரி ஓட்டுநர். மாம்பழமும் கிரானைட்டும் ஏற்றிக்கொண்டு வடக்கே போய் வந்தவர். இந்தி தண்ணீர் பட்ட பாடு. ஒருமுறை பெங்களூரிலிருந்து ரயிலில் வரும்போது, எங்கள் இருக்கையில் உட்கார்ந்துவிட்ட ஒரு வடநாட்டுக் குடும்பத் தலைவரை அவர் எழுப்பிய விதத்தில் எனக்குத் தெரியவந்தது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எழுந்து, பேடா வேறு கொடுத்தார்.

"சார், இது நம்மோட இருக்கட்டும்" என்றார் நண்பர், பேடாவை மென்றுகொண்டு. "கவுன்ட்டர்ல எனக்கு இந்தி தெரியாது."

மன்றத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை.

எங்கள் மனு ஊர்ந்து ஊர்ந்து ஒருவழியாக மண்டல அலுவலகத்தில் அசைந்தது. ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து, தமிழ் தெரிந்த ஊழியர் தேவையா என்று அறிக்கை தருவார் எனக் கடிதம் வந்தது. அரசுப் பணியில் இருந்தவனுக்குத் தெரியும், நேரில் ஆய்வு என்பது பாதி வெற்றி. நண்பர் அன்று இரண்டு டீ குடித்தார், இரண்டிலும் சர்க்கரை போட்டு.

ஆய்வுக்கு முந்தைய வாரம்தான் அது நடந்தது.

மன்றத்து உறுப்பினர் ஒருவர் பித்தப்பை அறுவை முடிந்து தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். பார்க்கப் போனோம்: நண்பர், நான், எங்கள் கொள்கைப் பரப்புச் செயலாளர். இவர் அரூரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர். 'ஹேப்பி பர்த்டே' அச்சடித்த வருமானத்தில் தமிழ் வளர்ப்பவர். மன்றத்தார் தும்மினால்கூடக் கைப்பேசியில் படம் பிடித்துவிடுவார்.

நாங்கள் கீழே இறங்கும்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மரவள்ளி ஆலை ஒன்றில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞன். வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தார்கள், துண்டு முழுக்கச் சிவப்பு. கூட வந்த மேஸ்திரி, "மிசின்ல மாட்டிக்கிச்சு, முதலாளிக்கு போன் பண்ணிட்டு வர்றேன்" என்று வெளியே போனவர் திரும்பவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். செவிலியர் கேட்டார்.

"தம்பி, எப்ப சாப்ட்ட?"

அவன் விழித்தான்.

"சாப்பாடு! எப்ப சாப்ட்டே?"

மூன்றாம் முறை கூடம் முழுவதும் கேட்டது. மொழி தெரியாதவனுக்குக் காதும் கேட்காது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணில் நீர் இருந்தது. அவனோ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நல்ல கையால் டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டான்.

நண்பர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கவுன்ட்டர் முன்னால் நிற்பது போலவே, கை கட்டி. பிறகு கை அவிழ்ந்தது. போய் அவன் தோளைப் பிடித்துக் குனிந்து பேச ஆரம்பித்தார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அது யோசித்துப் பேசுகிற மொழி அல்ல என்பது தெரிந்தது. நெடுஞ்சாலையில் மேட்டூர்ப் பேச்சும் நாக்பூர்ப் பேச்சும் கலந்து ஓடியது போல இருந்தது. அவன் அழுகையை நிறுத்திவிட்டு மளமளவென்று கொட்டினான்.

"காலைல ரொட்டி தின்னதுதானாம்மா, அப்புறம் பச்சத் தண்ணிதான்" என்றார் நண்பர் செவிலியரிடம். டாக்டரிடம், "விரல எடுக்க வேண்டாங்கலீங்க. ஆலையில அண்ணன் இருக்கானாம், அவங்கிட்ட சொல்லாம எடுக்க வேண்டாம்ங்கறான். நம்பர் சொல்றான், எழுதிக்கிறீங்களா?"

அண்ணன் வந்து சேரும்வரை நண்பர் அங்கேயே இருந்தார். இரண்டு விரல் போனது. கை தங்கியது.

எங்கள் கொள்கைப் பரப்புச் செயலாளர் இதை முழுவதுமாகப் படம் பிடித்திருந்தார். அன்று மாலையே மன்றத்தின் முகநூல் பக்கத்தில் ஏற்றியும் விட்டார். 'மனிதநேயப் பணியில் நம் மாவட்டச் செயலாளர்' என்று தலைப்பு, பின்னணியில் நாதஸ்வரம். மனிதநேயம் எந்த மொழியில் நடந்தது என்பதை அவர் கவனிக்கவே இல்லை. பெருமையில் காது அடைத்துவிடும்.

மற்றவர்கள் கவனித்தார்கள். 'புரியலீங்கண்ணே' என்று ஒருவர் கீழே எழுதினார். அதுவே நண்பருக்குப் பட்டப் பெயரானது. 'வெளியே தமிழ், உள்ளே இந்தி, வீட்டுல தெலுங்கு, வாயி மூணு வச்சிருக்காரா?' என்று இன்னொருவர். மறுநாள் மன்றத் தலைமையிலிருந்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க அத்தகைய அறிவிப்புகளை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், நடை பரவாயில்லை, உள்ளடக்கம்தான் மோசம். இந்தி தெரியாது, பக்கத்தில் ஒருவர் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னேன் என்று நண்பர் அறிக்கை விட வேண்டும். வங்கி ஆய்விலும் 'தெரியாது' என்றே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பிலிருந்து நீக்கம்.

ஃபிளெக்ஸ்காரர் ஓடி வந்தார், முகம் செத்திருந்தது.

"அண்ணா, நாந்தான்ணா கெடுத்துட்டேன். ஒரு வரி சொல்லிடுங்கண்ணா. நான் சொல்லிக் குடுத்தேன்னு வேணாலும் சொல்லுங்க."

"உனக்கு இந்தி தெரியுமாடா?"

"ஏக் தோ தீன் தெரியும்ணா."

"அத வச்சிக்கிட்டு விரலு எத்தனைன்னுதான்டா எண்ண முடியும்" என்றார் நண்பர். ஃபிளெக்ஸ்காரர் போன பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீங்க என்ன சொல்றீங்க?"

நான் நடைமுறையைச் சொன்னேன். விளக்கத்தில் மூன்று வகை உண்டு: மறுப்பது, நியாயப்படுத்துவது, வருந்துவது. மறுத்தால் பதவி தங்கும், வங்கி அதிகாரி வீடியோவைக் காட்டினால் மனு போகும். ஒப்புக்கொண்டால் பதவி போகும், மனுவும் போகலாம். 'மனுதாரருக்கு இந்தி நன்கு தெரிவதால் குறை ஏதுமில்லை' என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் மூடியிருப்பேன்.

"அந்த சீட்டுல தமிழ் ஆளு வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியலீங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் அலுவலகத்தில் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

அவர் தலைமைக்கு எதுவும் எழுதவில்லை. நீக்கம் வாட்ஸாப்பில் வந்தது. அரசு ஊழியனைப் பணியிடை நீக்கம் செய்தால்கூடப் பிழைப்பூதியம் உண்டு. எங்கள் மன்றத்தில் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆய்வு நாளன்று நண்பர் வழக்கம்போல் மூன்றாம் கவுன்ட்டர் வரிசையில் நின்றார். நான் ஓரமாக, கோப்போடு. மண்டல அலுவலக அதிகாரி மேலாளர் அறையிலிருந்து நேராக அவரிடம் வந்தார். கைப்பேசியை நீட்டினார். நாதஸ்வரம் ஒலித்தது. பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், உங்கள் நண்பர் என்னைவிட நன்றாக இந்தி பேசுகிறாரே, பிறகு இவருக்கு என்ன குறை என்றார். மேலாளர் புன்னகைத்தார். நான் கோப்பைத் திறந்து விதியைத் தேட ஆரம்பித்தேன்.

தேடி முடிக்குமுன் நண்பர் இந்தியிலேயே பேசத் தொடங்கிவிட்டார். மூன்று வருடமாக 'புரியலீங்க' கேட்டுக்கொண்டிருந்த கவுன்ட்டர் இளைஞர் எழுந்தே நின்றுவிட்டார். நண்பர் நீளமாகப் பேசவில்லை. தனக்குப் பின்னால் நின்ற அம்மாவைக் கை காட்டினார். கம்பைநல்லூர்ப் பக்கத்தில் மரவள்ளி போடுகிறவர், காப்பீட்டு ரசீதை மடித்து முந்தானையில் முடிந்திருந்தார். பிறகு ஸ்டியரிங் சுற்றுவது போலக் கையை ஆட்டினார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அடக்கிய பிறகு முகம் வேறாக இருந்தது.

என்ன சொன்னார் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஆமாங்க தெரியும், இத்தன நாளு தெரியாதுன்னு சொன்னது பொய்தான்னேன். ஆனா இந்தி கத்துக்க நான் இருவது வருசம் லாரி ஓட்டுனேன். இந்தம்மா காப்பீட்டுப் பணம் என்னாச்சுன்னு கேக்க, அதும் லாரி ஓட்டிட்டுத்தான் வரணுமான்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அந்த வடக்கத்திப் பையனுக்கு இங்க கையி நசுங்குனப்ப, அவனுக்கு நாங் கெடச்சேன். இந்தம்மாவுக்கு உங்ககிட்ட யாரு இருக்காங்கன்னேன்."

நான் வீட்டுக்குப் போய் என் மனுவை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பத்துப் பத்தி, விதி எண்களோடு. ஒரு பிழையும் இல்லை. அவர் சொன்னது அதில் எங்கும் இல்லை. மொழி உரிமை என்றால் நம் மொழியின் உரிமை என்றே எழுதிக்கொண்டிருந்தேன். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் யாராக இருந்தாலும் அவருடைய உரிமை அது என்பது, அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து காலம் தள்ளியவனுக்கு எப்படித் தோன்றும்?

அறிக்கை என்னவாயிற்று என்று எங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மழைக்காலம் முடிந்து ஒரு திங்கள்கிழமை, மூன்றாம் கவுன்ட்டரில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாக ஃபிளெக்ஸ்காரர் சொல்லியனுப்பினார். மன்றம் நண்பரைத் திரும்ப அழைக்கவில்லை. வெற்றி என்று பேனர் மட்டும் வைத்தது, தலைவர் படத்தோடு.

நண்பர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வரிசையில் நின்றார். முறை வந்தது.

"சொல்லுங்கய்யா, என்ன வேணும்?"

நண்பர் கை கட்டிக்கொண்டார். பிறகு, பழக்க தோஷம், "இந்த பேங்குல கணக்கு ஆரம்பிக்கணும்னா என்னென்ன வேணும்ங்க?"

"ஆதாரு, பான் கார்டு, ரெண்டு போட்டோ. ஜெராக்ஸ்ல கையெழுத்து போட்டுக்குங்க. இந்தாங்க பாரம், தமிழ்லயே இருக்குது. எப்ப கொண்டு வர்றீங்க?"

"இல்லீங்க, எனக்கு அரூர்ல வேற பேங்குல கணக்கு இருக்குதுங்க."

"அப்புறம் எதுக்குங்கய்யா கேட்டீங்க?"

"சும்மாதானுங்க."

"சும்மாவா? பின்னாடி பாருங்க, எத்தன பேரு நிக்கறாங்க! பொழுது போகலீன்னா வூட்டுல டிவி பாருங்க. தள்ளுங்க, தள்ளுங்க."

மூன்று வருடமாக எந்த மேலாளராலும் நகர்த்த முடியாத மனிதர் உடனே நகர்ந்தார். அந்தப் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டீங்களா சார்" என்றார். "எல்லாமே புரிஞ்சிது."