ஸ்டீபன் தூக்கிய நாற்காலி

கவரைப்பேட்டையில் எங்கள் தெருக்காரர் ஸ்டீபனைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இல்லாமல் பார்க்க முடியாது. கடை, சர்ச், ரேஷன் என்று மனைவி ஏஞ்சல் எங்கே போனாலும் பின்னாலேயே அதைத் தூக்கிக்கொண்டு போவார். நாலடி நடந்ததும், "உக்காரு ஏஞ்சலு" என்பார். நான் வாய் ஓயாமல் கிண்டல் செய்திருக்கிறேன். மனுஷன் சிரிக்கவே மாட்டார்.

காரணம் உண்டு. ஏஞ்சலுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் பொன்னேரியில் டயாலிசிஸ். ஒருமுறை திரும்பி வரும்போது பிரஷர் இறங்கி, ரயில்வே ஸ்டேஷன் படியில் உருண்டுவிட்டாள். அதற்கப்புறம் வாங்கியதுதான் நாற்காலி. பிறகு அவள் ஒரு படிகூட ஏறவில்லை. பார்க்கிறவர்களெல்லாம் "ரெஸ்ட் எடு" என்றார்கள். ரெஸ்ட் எடுத்து எடுத்தே அவள் கால் குச்சியாகிப் போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

அதைப் பார்த்தவள் டயாலிசிஸ் டெக்னீஷியன் மோனிகா ஒருத்திதான். டாக்டரிடம் கேட்டு, மிஷின் ஓடும்போதே கட்டிலின் கால்மாட்டில் சைக்கிள் மாதிரி மிதிக்கிற ஒரு பெடலைப் பொருத்தினாள்.

"மெதுவா மிதிங்கக்கா. நான் இங்கயேதான் இருக்கேன்."

"மயக்கம் வந்தா?"

"நிறுத்திடலாம். காலு நல்லாத்தான் கீது. உங்களுக்குத்தான் அதும்மேல நம்பிக்க இல்ல."

சில மாதத்தில் ஏஞ்சல் உட்காராமல் தெருமுனைவரை போய் வந்தாள். ஸ்டீபன் மட்டும் நாற்காலியை விடவில்லை.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறேன். ஏஞ்சலும் முன்பு அங்கேதான் பேக்கிங்கில் இருந்தாள். லாரிகளை எடை போடும் கேபினுக்கு ஆள் தேவை, டயாலிசிஸ் இல்லாத நாளில் வந்தால் போதும் என்று தெரிந்து நான்தான் அவளிடம் சொன்னேன். ஆனால் கேபின் மாடி உயரத்தில் இருந்தது. சூப்பர்வைசர் மதிவாணன், "மொதல்ல ஏறிக் காட்டட்டும். பாதியில எறங்கிட்டா வேல கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் பெரிய சண்டை.

"நீ உழுந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் ஸ்டீபன்.

"உக்காந்துகினே சாவறதுக்கு, ஏறியே பாத்துடறேன்."

அவள் ஏறிக் காட்ட வந்த அன்றுதான் கேபின் படியைச் சரியாகக் கவனித்தேன். கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான். டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்த கையும் இடதுதான். அதில் பாரம் கொடுக்கக் கூடாது. காலை மட்டுமே நம்பி ஏற வேண்டும். இவளை எதற்கு வரச் சொன்னோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏஞ்சல் ஏறினாள். நடுப்படியில் நின்றாள். கால் நடுங்குவது கீழே இருந்த எனக்கே தெரிந்தது. மதிவாணன் வாட்சைப் பார்த்தார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். ஸ்டீபன் நாற்காலியோடு படிக்கு ஓடினார்.

"எறங்கிடு ஏஞ்சலு! சேரு கீது!"

அவள் திரும்பவில்லை. "செத்த சும்மா இருங்க. மிதிச்சிகினுதான் கீறேன்."

வலது கால். நீண்ட மூச்சு. இடது கால். கடைசிப் படியில் கதவைப் பிடித்து உள்ளே போனாள். பிறகு ஜன்னல் திறந்தது.

"சார், லாரிய எடைமேடையில ஏத்தச் சொல்லுங்க."

மதிவாணன் லாரிக்காரனுக்குக் கை காட்டினார். நான் ஸ்டீபனைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியைக் கீழே போட்டு, அதில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கிண்டல் செய்யாமல் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.