பிழையில்லாத மசோதா

சட்டசபை அச்சகத்தில் பிழை திருத்துகிறவளை எல்லோரும் புரூஃப் அக்கா என்பார்கள். கடன் நிவாரண மசோதாவை அவள் பதினோரு முறை திருத்தியிருக்கிறாள். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் அது அச்சுக்கு வரும். வருடத்தை மாற்றிக் கொடுப்பாள். உறுப்பினர்கள் அதை வைத்து விசிறிக்கொள்வார்கள். கடைசி நாளில் நேரமில்லை என்று தள்ளிவைப்பார்கள். இப்போது அதில் ஒரு கால்புள்ளிகூடத் தப்பு கிடையாது.

ஒரு விடுமுறை நாளில் தம்பியின் சலூனில் உட்கார்ந்திருந்தாள். வசூல்காரர் இரண்டு ஆட்களோடு நுழைந்து, கடையின் ஒரே சுழல் நாற்காலியைக் காட்டி, "தூக்குங்கப்பா" என்றார். தம்பி மூன்று தவணை கட்டவில்லை. நாற்காலியில் ஒருவர் பாதிச் சவரத்தோடு இருந்தார்.

"நான் எறங்கணுமா?"

"அசையாதீங்க" என்று அக்கா எழுந்தாள். "ஏழாம் பிரிவு. பிழைப்புக்கான தொழிற்கருவி எதையும், கடனுக்காக, கைப்பற்றலாகாது. மீறினால், ஆறு மாதச் சிறை."

நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்திச் சொன்னாள். வசூல்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"எப்பக்கா வந்துச்சு இந்தச் சட்டம்?" என்றான் தம்பி.

வருடத்தைச் சொல்லப் போனபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. பதினோரு முறை படித்ததில், அது நிறைவேறவே இல்லை என்பது மறந்துபோயிருந்தது.

அடுத்த வாரம் வசூல்காரர் தனியாக வந்தார். தம்பி ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"விசாரிச்சேம்மா. அப்படி ஒரு சட்டமே இல்லையாம்."

"எழுதியாச்சுங்க. சபையில இன்னும் கைதூக்கல, அவ்வளவுதான்."

"எப்பத் தூக்குவாங்க?"

"அடுத்த கூட்டத்தொடர்ல."

அவர் தம்பியின் கையை விலக்கி நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என் பைக்கும் தவணைதான். ரெண்டு மாசமா கட்டல. பைக் இல்லாம நான் எப்படி வசூலுக்குப் போறது? அது தொழிற்கருவில வராதா?"

"தையல் மெஷின், நாற்காலி எல்லாம் போட்டிருக்கு. பைக் இல்ல."

"மறுபடி அச்சடிக்கத்தானே போறீங்க? ஒரு வார்த்தை சேர்த்துடுங்களேன்."

"ஐயோ, அது குத்தம்!"

"கண்டுபிடிக்கணும்னா யாராவது படிக்கணுமேம்மா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ப்பதாகச் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வசூல்காரர் நோட்டைப் பிரித்து எழுதினார்: 'கடை பூட்டியிருந்தது. அடுத்த கூட்டத்தொடர் முடிந்ததும் பார்க்கவும்.'

பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, தாடையைத் தம்பியிடம் நீட்டினார்.