வளைவுக்கு அப்பால் ஒரு படிக்கட்டு

வத்தேகமவுக்குப் போகும் வீதியோரத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பன்னிரண்டு வருடங்களாக இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரரான என் தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டார். அதனால் எனக்கு வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், வாசலைத் தாண்டினால் சிங்களம். இரண்டும் தடக்கில்லாமல் வரும் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலை வாசலில் ஒரு மாணவியின் புத்தகப் பையை முச்சக்கரவண்டியொன்று இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைக்குக் காயமில்லை. ஆனால் பெற்றோர் கொதித்துப்போனார்கள். மனுக்கள் போயின. கடைசியில், வேகத்தைப் பிடிக்கும் கமெரா ஒன்றைப் பரீட்சார்த்தமாக எங்கள் பாடசாலைப் பக்கம் பூட்டலாம், முதலில் ஊர் மக்களின் கருத்தைக் கேட்போம் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. கூட்டம் எங்கள் மண்டபத்தில் ஒரு பின்னேரம் நடந்தது. வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பெற்றோரில் பாதிப் பேருக்குச் சிங்களத்தில் பேச வராது.

"மிஸ், நீங்கதான் ரெண்டு பக்கத்துக்கும் சொல்லணும்" என்றார் பாடசாலை அதிபர்.

கூட்டம் சூடாகத்தான் நடந்தது. பிள்ளைகளை ஏற்றும் வான் சாரதி ஒருவர் எழும்பி, "பெல் அடிச்சவுடனே கேட்டப் பூட்டுறது நீங்க. அஞ்சு நிமிசம் பிந்தினா புள்ளைங்க வெளிய நிக்கணும். ஓடி வந்தா கமெரா புடிக்கும். அப்ப நாங்க என்னதான் செய்யிறது?" என்று கேட்டார். அதிபருக்கு முகம் சிவந்துவிட்டது. கமெரா ஏழை சாரதிகளைத்தான் பிடிக்கும், பெரிய வாகனக்காரர் எப்படியும் தப்பிவிடுவார்கள் என்றார் ஒரு முச்சக்கரவண்டிக்காரர். பிள்ளையின் உயிரைவிடத் தண்டப்பணம் பெரிதா என்று ஒரு தகப்பன் அவரோடு சண்டைக்குப் போனார். நான் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிச் சொன்னேன். கோபத்தைக்கூட அதே சூட்டோடு மொழிபெயர்த்தேன். அதிகாரி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கு மேடையில் நிற்பது போல இருந்தது.

கடைசியாகப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், அங்கே தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர். அவருடைய மகள் தரம் ஏழில் என்னிடம் படிக்கிறாள். மலையிலிருந்து நேராக வந்திருந்தார் போல, சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நாங்க கொழுந்து எடுக்குற மலை ரோட்டுக்கு நேர் மேல இருக்குங்க. நாள் பூரா ரோட்டப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறோம். ஸ்கூல் கேட்டுக்கிட்ட எல்லாரும் மெதுவாத்தான் வாராங்க. அங்க கடை இருக்கு, காலையில பொலிஸ் ஐயா நிக்கிறாரு. கேட்டத் தாண்டி வளைவு திரும்பினதும்தான் மிதிக்கிறாங்க. எங்க லயத்துப் புள்ளைங்க படிக்கட்டால எறங்கி அங்கதான் ரோட்டக் கடக்குதுங்க. கேட்டுல கமெரா வச்சா, அதுக்குப் பயந்து மெதுவா வந்துட்டு, தாண்டினதும் இன்னும் கூடத்தான் மிதிப்பாங்க..."

அதோடு நிற்கவில்லை. அந்த வளைவில் அடிபட்ட ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். அவருடைய கொழுந்தன் சைக்கிளோடு வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்த கதையைச் சொன்னார். பிறகு தொடங்கிய இடத்துக்கே திரும்பினார். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். அதிபர் என்னைப் பார்த்தார். எனக்கோ, இவ்வளவு நேரம் ஒழுங்காக ஓடிய கூட்டம் இந்த ஆட்டுக்குட்டியில் வந்து மாட்டிக்கொண்டதே என்று கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அவருடைய தோட்டத்துப் பேச்சுவழக்கும் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நான் அதிகாரியின் பக்கம் திரும்பி, "இந்தத் தாயும் பிள்ளைகளின் பாதுகாப்புக்குக் கமெரா வேண்டும் என்றே கேட்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன். ஒரே ஒரு வசனம்.

அதிகாரி அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"ஓம், சொல்லிப்போட்டன். இருங்கோ."

அவர் அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நனைந்த சேலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

கமெராவைப் பாடசாலை வாசலில் வைப்பது என்று அன்றே முடிவானது. மின்கம்பம் பக்கத்தில் இருந்தது, வருகிறவர்கள் கண்ணிலும் படும். சில வாரங்களில் பூட்டினார்கள். வாகனங்கள் வாசலடியில் ஊர்ந்து போவதைப் பார்த்து ஆசிரியர்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். நான் அந்தக் கூட்டத்தில் பேசிய அழகை அதிபர் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

அடுத்த பாடசாலைத் தவணையில், தூறல் விழுந்த ஒரு காலை, முதலாம் பாடவேளை தொடங்குமுன் வளைவுப் பக்கமிருந்து கூக்குரல் கேட்டது. நாங்கள் ஓடிப் போனபோது படிக்கட்டின் அடியில் ஒரு குடை விரிந்தபடி கிடந்தது. மரக்கறி ஏற்றி வந்த சிறிய லொறியொன்று குறுக்காக நின்றது. அதன் சாரதியே அடிபட்ட ஒரு சிறுமியைத் தூக்கி ஒரு வானில் ஏற்றிக்கொண்டிருந்தார். கிட்டப் போய் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தாயின் மகள்தான்.

கண்டி ஆஸ்பத்திரியில், பிள்ளையைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே போட்டிருந்த நீள வாங்கில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார். விரல்களில் கொழுந்துக் கறை. லொறிச் சாரதி எதிர்ச்சுவரோடு சாய்ந்து நின்றார். நாற்பது வயதிருக்கும் சிங்களவர். அவருடைய சட்டையில் பிள்ளையின் இரத்தம் இருந்தது. திடீரென்று அவர் என்னிடம் வந்து, "மிஸ், அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள்" என்று அழத் தொடங்கினார்.

"கமெராவுக்குப் பயந்து பள்ளிக்கூட வாசலில் மெதுவாக வந்தேன். அதைத் தாண்டியதும், சந்தைக்கு நேரமாகிறதே என்று மிதித்துவிட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் இறங்குவது எனக்குத் தெரியாது."

அதை நான் அந்தத் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை. சொல்லிக்கொண்டு போகும்போதே அவை யாருடைய சொற்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் கேட்டு முடித்துவிட்டுச் சாரதியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மெதுவாக, "இதத்தானே டீச்சர் நா அன்னைக்குச் சொன்னேன்" என்றார்.

"நான் அதைச் சொல்லேல்லை அம்மா. சுருக்கிப்போட்டன்."

"தெரியும் டீச்சர். எனக்குச் சிங்களம் பேசத்தான் வராது. கேட்டா கொஞ்சம் வெளங்கும். கடை கண்ணிக்குப் போறோம்ல."

"அப்ப ஏன் அண்டைக்கே ஒண்டும் சொல்லேல்லை?"

"பெரிய ஆளுங்க முன்னால டீச்சர எப்பிடி மறுத்துப் பேசுறது? புள்ள ஒங்ககிட்டதானே படிக்குது."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். என் வகுப்பறையை அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார், என்னை எதிர்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்று. அப்படி நினைக்க நான் எங்கோ இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஒரு ஆசிரியை, "ஒரு வசனத்தால என்ன மாறியிருக்கப் போகுது? மின்கம்பம் அங்கதானே இருந்திச்சு" என்று ஆறுதல் சொன்னார். இருக்கலாம். அதிகாரி முழுவதையும் கேட்டிருந்தாலும் கமெராவை வாசலில்தான் வைத்திருப்பார் போலும். சில நாட்கள் இந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொண்டேன். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அதிகாரி. எது கேட்கத் தகுந்தது, எது தகாதது என்று அவருக்கு முன்னால் நானே தீர்மானித்துவிட்டேன். அது எப்படித் திருப்பிப் பார்த்தாலும் சரியாகவில்லை.

அதிபரிடம் சொல்லி இன்னொரு கூட்டம் கேட்டோம். அந்தத் தாயை அழைக்க நானே லயத்துக்குப் போனேன். கதிரையைத் துடைத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார்.

"நா வரல டீச்சர். புள்ளையப் பாத்துக்க ஆளில்ல. நா சொன்னதுதான் ஒங்களுக்குத் தெரியுமே, நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், அதே மண்டபத்தில். அவர் சொன்னதை ஆட்டுக்குட்டியையும் கொழுந்தனையும் விடாமல் சொன்னேன். முதற்கூட்டத்தில் அதை மறைத்தவள் நான்தான் என்றும் சொன்னேன். அன்று அதிபரோடு மல்லுக்கு நின்ற வான் சாரதிதான் கடைசியில், "சரி விடுங்க மிஸ். இப்ப அந்த எடத்துக்கு என்ன செய்யலாம்னு கேளுங்க" என்றார். அதிகாரி புதியவர், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கமெராவை நகர்த்த முடியாது என்றார். ஆனால் தவணை முடிவதற்குள் படிக்கட்டடியில் நடந்து கடப்பதற்கு மஞ்சள் கடவையும் அதற்கு இரு பக்கமும் வேகத்தடையும் போட்டார்கள்.

சிறுமி அடுத்த வருடம் திரும்பி வந்தாள். காலுக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். குளிர் நாட்களில் நொண்டி நடக்கிறாள். உடற்பயிற்சிப் பாடவேளையில் மைதானத்துக்குப் போகாமல் என் வகுப்பில் வந்திருந்து சிங்களப் பயிற்சிகளை எழுதுகிறாள். எழுத்து அழகாக இருக்கிறது. முதற்கூட்டத்தில் அவளுடைய தாய் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. கூட்டத்துக்கு வந்தவர்களும் அவளிடம் சொல்லவில்லைப் போலும், தாயும் சொல்லவில்லை.

ஒவ்வொரு தவணையும் தொடங்கும்போது, இந்தத் தவணை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கொப்பியைத் திருத்திக் கொடுக்கிறேன். "ஸ்தூதி டீச்சர்" என்று சிங்களத்தில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போகிறாள். தவணை முடிந்துவிடுகிறது.